மீன்சாறு ராமென்: பன்றி இருக்கிறதா, பொத்தான் எது, மிச்சம் வைக்கலாமா?

சென்ற இதழில் டோக்கியோவின் சந்து ஒன்றில் இருக்கும் சின்ன ராமென் (சூடான சாற்றில் போட்ட நூடுல்ஸ்) கடையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பன்றி எலும்பை அடுப்பில் ஏற்றாமல், நெத்திலிக் கருவாடும் மட்டியும் கடற்பாசியும் போட்டே சாறு எடுக்கும் கடை. நாலு வரிக்கு இத்தனை கடிதமா என்று ஆசிரியர் குழுவே அலுத்துக்கொண்டது. கடையின் பெயரைக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது. எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடம். எனக்கும் அங்கே இடம் வேண்டும். மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: வேலைக்காக வந்து நிஷிகசாயில் தங்கியிருக்கிறேன். அலுவலக நண்பர்கள் பன்றி எலும்புச் சாறு ராமென் கடைக்கே அழைத்துப் போகிறார்கள். கொழுப்பு மிதக்கிறது, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீன்சாறு என்றால் இன்னும் நாறுமே என்று பயம். போகலாமா?

தம்பி, தாராளமாகப் போங்கள். ராமென் என்றாலே பன்றி என்ற எண்ணம் வெளிநாடுகளில் பரவியதற்கு பன்றி எலும்புச் சாற்றுக்குப் பேர்போன தென்ஜப்பானின் ஹகாத்தா பாணிக் கடைகள் ஊர் ஊராகக் கிளை விரித்தது ஒரு காரணம். ஜப்பானுக்குள் கதை வேறு. இந்த நாட்டுச் சமையலுக்கே அடித்தளம் மீனும் கடற்பாசியும் ஊறிய தாஷி என்ற சாறுதான். ராமென் கடைக்காரர்கள் அதைத் தங்கள் பானைக்குள் கொண்டுவந்ததில் வியப்பதற்கு எதுவுமில்லை.

கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். கடைக்காரர் முதலில் கிண்ணத்தின் அடியில் ஊற்றுவது தாரே. சாறு தனியாக உப்பில்லாமல் இருக்கும். உப்பெல்லாம் இந்தத் தாரேயில்தான். வெறும் உப்பு வகை ஷியோ, சோயா சாஸ் வகை ஷோயு, புளிக்கவைத்த சோயா விழுது வகை மிசோ. அதன்மேல் ஒரு கரண்டி வாசனை எண்ணெய். பிறகு கொதிக்கிற சாறு, கடைசியில் நூடுல்ஸ். மீன்சாறு, பன்றிச்சாறு என்று பிரிவது அந்த மூன்றாவது கட்டத்தில்தான்.

மீன்சாற்றின் முதுகெலும்பு நிபோஷி. அது பெரும்பாலும் ஜப்பானிய நெத்திலி. பிடித்த மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்துவிட்டுத்தான் உலர்த்துகிறார்கள். பச்சை மீன் வெயிலில் கிடந்து காய்வதில்லை; அதனால் கருவாட்டின் அந்த ஊசிய வீச்சம் இதில் கிடையாது. அடுத்தது கத்ஸுவோபுஷி. நம் பக்கத்து மாசிக்கருவாடு எந்தச் சூரை மீனில் செய்யப்படுகிறதோ அதே மீன்தான் இதற்கும். வேகவைத்து, பலமுறை புகையில் காட்டி, உயர்ந்த ரகமானால் பூஞ்சையும் படரவிட்டு, மரக்கட்டைபோல் ஆக்கிச் சீவுகிறார்கள். மாசி இடித்துப் போட்ட சம்பலைச் சப்புக்கொட்டிச் சாப்பிடும் நாக்கு இதைக் கண்டு ஏன் மிரள வேண்டும்?

மூன்றாவது, கோம்பு என்ற கடற்பாசி. வடக்கே ஹொக்கைதோவிலிருந்து வருவதுதான் பெரும்பங்கு. 1908இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் இகேதா கிகுனாயே, கோம்புச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டாமேட் என்று கண்டுபிடித்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ 1913இல் கத்ஸுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று காட்டினார். இந்த இரண்டும் ஒன்றாக நாக்கில் பட்டால் சுவை கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். பாட்டிமார் காரணம் தெரியாமலேயே இரண்டையும் ஒரே பானையில் போட்டு வந்தார்கள்.

இவை போக, நாகசாகிப் பக்கம் 'அகோ' என்னும் பறவைக்கோலாவை நெருப்பில் வாட்டி உலர்த்திப் போடுவார்கள். செப்பீலி இனத்து மீனின் தலையை வறுத்துச் சாறெடுக்கும் கடைகள் உண்டு. இறால் தலையை எண்ணெயில் பொரித்து அந்தச் சிவந்த எண்ணெயை மேலே விடுபவர்கள் உண்டு. மட்டியில் சக்சினிக் அமிலம் என்ற வேறொரு சுவைப்பொருள் இருப்பதால், அந்தச் சாறு மீன்சாற்றைவிட மென்மையாகத் தொண்டையில் நிற்கும். ஷின்ஜுகுவில் உள்ள கொன்ஜிகி ஹொதொதொகிசு என்ற கடை, ஹமகுரி மட்டிச் சாற்றைச் சேர்த்துச் செய்யும் ராமெனுக்கு 2019 டோக்கியோ மிஷ்லின் கையேட்டில் ஒரு நட்சத்திரம் வாங்கியது.

நாறுமா என்று கேட்டீர்கள். வாசலில் மூக்கை உறுத்தும், பொய் சொல்ல மாட்டேன். உட்கார்ந்த சற்று நேரத்தில் அதே வாசனை பசியைக் கிளப்பிவிடும். முதல் தடவை 'தன்ரெய்' என்று எழுதியிருப்பதை எடுங்கள். தெளிந்த, இலேசான சாறு. 'நோகோ' என்றால் கெட்டிச் சாறு. அதற்கு அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: கடைக்குள் நுழைந்ததும் ஓர் இயந்திரம் நிற்கிறது. முழுக்க ஜப்பானிய எழுத்து. பின்னால் நாலு பேர் வரிசை. வியர்த்துப்போய்த் திரும்பி வந்துவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்துவது?

இடது பக்கம் மேல் மூலை. பெரும்பாலான கடைகளில் அந்தக் கடை பெயர் வாங்கிய கிண்ணம் அங்கேதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தலாம். பணத்தை முதலில் போட வேண்டும், பிறகுதான் பொத்தானில் விளக்கு எரியும். வரும் சின்னச் சீட்டைக் கவுண்டரின் மேல்தட்டில் வைத்துவிட்டு உட்காருங்கள். கூவி அழைக்க வேண்டியதில்லை.

1,000 யென் தாள் கையில் வைத்திருங்கள். சின்னக் கடை இயந்திரங்களில் பல 5,000, 10,000 யென் தாள்களை வாங்காது. 2024 ஜூலையில் கிதசாதோ ஷிபசபுரோ படம் போட்ட புதிய 1,000 யென் தாள் வந்தபோது, பழைய இயந்திரங்கள் அதையும் துப்பின. புது இயந்திரம் வாங்கக் காசில்லாமல் எத்தனையோ கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். இன்றும் சில இடங்களில் 'பழைய தாள் மட்டும்' என்று கையால் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அங்கே உள்ளே நிற்பவரிடம் தாளை நீட்டுங்கள், மாற்றித் தருவார்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிண்ணம் 900 யென்னிலிருந்து 1,200 யென்வரை இருக்கும். ராமென் 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் திருப்பிக்கொள்வார் என்று ஒரு பயம் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. 'ஆயிரம் யென் சுவர்' என்பார்கள். நெத்திலி, கோதுமை, மின்சாரம் எல்லாம் விலை ஏறிய பிறகு அந்தச் சுவரைப் பல கடைகள் தாண்டிவிட்டன. தாண்டட்டும். விடியற்காலையிலிருந்து பானையோடு நிற்கும் மனிதருக்கு அந்தப் பணம் அதிகமில்லை.

கேள்வி: குடும்பத்தோடு ஜப்பான் சுற்றுலா வருகிறோம். கணவர் பன்றி சாப்பிட மாட்டார், மூத்த மகள் சைவம். மீன்சாறு கடை என்றால் கணவருக்காவது கவலை இல்லையே? (சென்னை வாசகி)

அம்மா, கவலை உண்டு. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கறாராகப் பதில் சொல்ல வேண்டும்.

பலகையில் மீன்சாறு என்று எழுதியிருந்தால் சாற்றில் மீன் இருக்கிறது, அவ்வளவுதான். அதே பானையில் கோழி எலும்போ பன்றி எலும்போ கிடக்கலாம். வாசனை எண்ணெய் பன்றிக்கொழுப்பாக இருக்கலாம். மேலே வைக்கும் சாஷு பெரும்பாலும் பன்றி இறைச்சி. அது வெந்த சோயாக் குழம்பைத் தாரேயில் சேர்ப்பது பல கடைகளின் வழக்கம். ஆகவே இறைச்சித் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். தாரேயில் சாக்கே, மிரின் என்ற அரிசி மதுவகைகளும் சேரும். அதைத் தவிர்ப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

சீட்டு வாங்குவதற்கு முன் கேளுங்கள்: "புத்தா நிக்கு, ஹாய்த்தே இமாஸ் கா?" பன்றி சேர்ந்திருக்கிறதா என்று பொருள். "ஹாய்த்தே இமாஸ்" என்றால் இருக்கிறது, "ஹாய்த்தே இமாசென்" என்றால் இல்லை. "ராதோ?" என்று தனியாக ஒரு கேள்வியும் போடுங்கள். பன்றிக்கொழுப்பு சிலருக்கு இறைச்சிக் கணக்கில் வருவதே இல்லை. இறைச்சித் துண்டு மட்டும் வேண்டாம் என்பவர்கள் "சாஷு நுகி தே" என்றால் போதும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்; ஆனால் உச்சிவேளையில் வரிசையை நிறுத்திவைத்துக் கேட்டால் கடைக்காரர் படபடத்து ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிடுவார். கடை திறந்தவுடன், அல்லது இரண்டு மணிக்கு மேல் போய்க் கேளுங்கள்.

மகளுக்கு இந்த வகைக் கடைகளில் ஒரு கிண்ணம்கூடக் கிடையாது. அவளை உட்காரவைத்து முட்டையைக் கொடுத்துச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். அந்த முட்டை ஊறுவதும் பெரும்பாலும் அதே தாரேயில்தான். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது. அங்கே ஒருநாள் அவள் விருப்பப்படி சாப்பிடட்டும்.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் கடைகளையே விட்டுவிடுங்கள். பொட்டல உணவில் இறாலும் நண்டும் இருந்தால் அச்சிட வேண்டும் என்று ஜப்பானில் சட்டம் உண்டு. உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே கரண்டிதான் எல்லாப் பானையிலும் போய்வருகிறது.

கேள்வி: உறிஞ்சிச் சத்தம் போட்டுத்தான் சாப்பிட வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் உறிஞ்சும்போது காற்றோடு சேர்ந்து வாசனை மூக்குக்கு ஏறுகிறது, சூடும் தணிகிறது. சத்தம் வராமல் சாப்பிட்டால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். குச்சியைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை.

கேள்வி: நிபோஷி ராமென் என்று கேட்டேன். சிமென்ட் கரைத்த தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. கசந்தது. கெட்டுப்போன சாறா? (யோகோஹாமா வாசகர்)

கெட்டுப்போகவில்லை. நீங்கள் சொன்ன பெயரைத்தான் ஜப்பானியர்களும் சொல்கிறார்கள்: 'செமென்தோ', அதாவது சிமென்ட் ரகம். தெரியாமல் போய் ஆழத்தில் குதித்துவிட்டீர்கள்.

நெத்திலியின் தலையும் குடலும் கிள்ளப்பட்டால் சாறு தெளிவாக, கசப்பில்லாமல் வரும். சிமென்ட் ரகக் கடையில் கிள்ளுவதில்லை. நான் வழக்கமாகப் போகும் ஒரு கடையில் அடுப்புக்கு நேர் எதிர் இருக்கை கிடைத்தால் வேடிக்கை பார்ப்பேன். கடைக்காரர் காகிதப் பெட்டியைச் சாய்த்து, வெள்ளி நெத்திலியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போடுவார். பானையின் வாய்வரை மீன்தான் தெரியும், தண்ணீர் எங்கே என்று தேட வேண்டும். துடுப்பு போன்ற மரக்கட்டையால் அடியிலிருந்து கிளறக் கிளற முள்ளும் செதிலும் குடலும் சிதைந்து, நிறம் தவிட்டிலிருந்து சாம்பலுக்கு மாறும். பிறகு கூம்பு வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திப் பிழிவார். சக்கையாக மிஞ்சுவது ஈர மணல் போல விழும். கிண்ணத்துக்கு வரும் சாற்றில் செதில் துணுக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும். அதில் இருக்கும் கசப்புக்கும் தொண்டையைச் சுரண்டும் தன்மைக்கும் 'எகுமி' என்று பெயர். அதைத் தேடியே வருகிற கூட்டம் உண்டு.

அந்தக் கிண்ணத்தின் மேல் பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம் கிடந்ததா? அலங்காரம் என்று ஒதுக்கியிருப்பீர்கள். கசப்புக்கு எதிர்ப்பக்கம் அதுதான். ஒவ்வொரு வாய்க்கும் நாலு துண்டு வெங்காயம் சேர்த்துக் கடித்தால் அதன் இனிப்பும் காரமும் எகுமியை அடக்கிவிடும். நூடுல்ஸும் இங்கே மெல்லியதாக, நேராக, ஈரம் குறைந்ததாக இருக்கும். கடித்தால் பொட்டென்று முறியும்.

இந்தக் கடைகளில் இன்னொரு நல்ல விஷயம் அயெதமா. நூடுல்ஸ் தீர்ந்ததும் 200, 300 யென்னுக்கு இன்னொரு பங்கு வாங்கலாம். ஹகாத்தாவின் கயெதமா வெறும் நூடுல்ஸ். இதில் தாரே, மீன் எண்ணெய், இறைச்சித் துணுக்குகள், வெங்காயம் எல்லாம் போட்டுப் பிசறியே தருவார்கள். பாதியைத் தனியாகச் சாப்பிட்டு, பாதியை மிச்சச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவது என் வழி. சாற்றைவிட இதற்காகவே நான் போகும் நாட்களும் உண்டு.

நிபோஷி ராமெனின் பழைய முகம் பார்க்க வேண்டுமானால் வடக்கே அவோமோரி மாநிலத்துத் த்சுகாரு பகுதிக்குப் போங்கள். நிபோஷியோடு, நெருப்பில் வாட்டி உலர்த்திய 'யகிபோஷி'யும் போட்டு எடுக்கும் தெளிந்த ஷோயுச் சாறு. கசப்பு பக்கத்தில்கூட வராது.

கேள்வி: மீனையும் பன்றியையும் ஒன்றாகக் கலக்கும் யோசனை யாருக்கு வந்தது? த்சுகெமென் கடையில் மேலே குவித்து வைக்கும் மீன்பொடி எதற்கு?

ஒருவர் பெயரைச் சொல்லிவிட முடியாது. பழைய ஷோயு ராமெனிலேயே கோழி, பன்றி, நிபோஷி மூன்றும் கூடிவாழ்ந்தன. ஆனால் 1996இல் டோக்கியோவின் நகானோவில் தொடங்கிய அவோபா என்ற கடை, இறைச்சிச் சாறும் மீன்சாறும் தனித்தனியாகக் காய்ச்சிக் கிண்ணத்தில் சேர்க்கும் 'இரட்டைச் சாறு' முறையைப் பெரிதாகப் பரப்பியது. தனியாகக் காய்ச்சுவதற்குக் காரணம் இருக்கிறது: எலும்புக்கு மணிக்கணக்காகக் கொதி வேண்டும், கத்ஸுவோபுஷி அந்தக் கொதியில் வாசனை இழந்து வெறும் சக்கையாகிவிடும்.

நூடுல்ஸைத் தனியே வைத்துத் தோய்த்துச் சாப்பிடும் த்சுகெமென், யமகிஷி கசுவோ 1955இல் நகானோவின் தாய்ஷோகென் கடைப் பட்டியலில் ஏற்றியது. மீன்பொடி அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த மோஸ்தர். கிண்ணத்தின் ஓரத்தில் நோரி என்ற கடற்பாசித் தாளைப் படகுபோல் மிதக்கவிட்டு, அதன்மேல் பொடியைக் குவிக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. சாற்றில் இறங்காத ருசியைப் பொடியால் ஈடுகட்டுகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. பிடித்தவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தால் கடைக்காரர் முறைக்கிறார். காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறோம்?

நீங்கள் நின்ற அதே அரை மணி நேரத்தை வெளியே இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார். எட்டு இருக்கைக் கடையில் இருக்கைதான் முதல். கிண்ணம் வந்தவுடன் சாப்பிடத் தொடங்குங்கள். நூடுல்ஸ் சாற்றில் ஊறிப் பருக்கும், புகைப்படம் ஒன்று போதும். முடித்ததும் கிண்ணத்தைக் கவுண்டரின் மேல்தட்டில் தூக்கி வையுங்கள், அங்கே கிடக்கும் துணியால் உங்கள் இடத்தை ஒருமுறை துடையுங்கள், "கோச்சிசோசமா தெஷிதா" (விருந்துக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். முறைத்தவர் அடுத்த தடவை தலையசைத்து வரவேற்பார். ஒருவருக்கு ஒரு கிண்ணம் வாங்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றைப் பகிர்வது இங்கே பெரிய குற்றம். பேச ஆசையானால் பக்கத்துத் தெருவில் காபிக் கடை இருக்கிறது.

இன்னொன்று. வாசலில் தொங்கும் துணித்திரையை உள்ளே எடுத்துவிட்டால் கடை மூடியாயிற்று. பலகையில் எந்த நேரம் போட்டிருந்தாலும் சாறு தீர்ந்தால் வியாபாரம் முடிந்தது. கதவைத் தட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம். சாற்றை மிச்சம் வைத்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். கடைக்காரர்களே முழுவதும் குடிப்பதில்லை. சாறோடு சேர்த்து ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 6 கிராம் உப்பு இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழே என்கிறது. உப்பில் ஊறிய ஜப்பானின் அரசே ஆணுக்கு 7.5, பெண்ணுக்கு 6.5 கிராமுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. ஆகவே நாலைந்து கரண்டி ருசித்துவிட்டு வைத்துவிடுங்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த நாலைந்தும் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இந்தச் சாறு எடுக்க முடியுமா?

ராமென் கடைச் சாறு வீட்டில் வராது, தெளிந்த தாஷி வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் நிபோஷி, 10 கிராம் கோம்பு. நெத்திலியின் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்புக் குடலை எடுத்துவிடுங்கள். இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு முழுதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் சிறு தீயில் ஏற்றுங்கள். கொதி வருவதற்கு முன்பே கோம்பை எடுத்துவிட வேண்டும். விட்டால் வழவழப்பும் கடல் நாற்றமும் இறங்கும். நிபோஷியை இன்னும் 10 நிமிடம் சிறு தீயில் விட்டு, நுரையை எடுத்து, துணியில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள். கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மீன் மணக்கும், அக்கம்பக்கத்தார் வந்து கேட்டால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: மிளகாய்த்தூள் கேட்கலாமா?

மேசையில் மிளகுத்தூள் இருக்கும், சில இடங்களில் மிளகாயும் இருக்கும். முதல் நாலு வாய் எதுவும் போடாமல் சாப்பிடுங்கள். பிறகு உங்கள் கிண்ணம், உங்கள் இஷ்டம்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைப்பது?

வைக்கவே வேண்டாம். மறந்துவிட்ட சில்லறை என்று நினைத்து, நூடுல்ஸை வெந்நீரில் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெருமுனைவரை ஓடிவந்து உங்கள் கையில் திணிப்பார். அடுத்த ஆளின் நூடுல்ஸ் குழைந்துவிடும்.